மாத்திரையைப் பறித்தால் மட்டும் போதுமா? படைவீரர்களின் வலிக்கு மாற்று தேடப் பணம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி நம் கடலூர், புதுச்சேரி பக்கங்களில் அடிக்கடி வருகிறது. மேஜை மேல் அட்டை அட்டையாக மாத்திரை, பின்னால் காவலர்கள் வரிசையாக நிற்கும் படம். பிடிபடுவது பெரும்பாலும் டேபென்டடால் என்ற கடும் வலி மாத்திரை. அதே வகையைச் சேர்ந்த டிராமடால் 2018 ஏப்ரலிலேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. டேபென்டடாலும் தசையைத் தளர்த்தும் காரிசோப்ரடாலும் சேர்ந்த கலவை மாத்திரையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் 2025 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. இந்த நடவடிக்கைகள் எல்லாம் தேவைதான். என் வருத்தம் வேறு. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு நாம் மாத்திரையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அந்த மாத்திரை எந்த வலிக்காக வந்ததோ, அந்த வலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களில் ஒரு பெருங்கூட்டம் என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். லக்னோவில் பயிற்சி. அதன் பிறகு வடக்கே ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற களமுனை மருத்துவப் பிரிவு, படைப்பிரிவுகளின் எம்.ஐ. ரூம், ராணுவ மருத்துவமனை வார்டு என்று இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு சிப்பாய்க்கு எங்கே வலிக்கும், அதை அவன் எப்படி மறைப்பான், எந்த மாத்திரையைக் கேட்பான் என்பது எனக்குத் தெரியும்.

எம்.ஐ. ரூம் என்பது படைப்பிரிவுக்குள் இருக்கும் சிறிய மருத்துவ அறை. ஒரு மேஜை, ஒரு பதிவேடு, ஸ்டீல் டப்பாக்களில் மாத்திரை, ஓரமாக ஒரு கட்டில். மலைப்பகுதியில் ரோந்து முடிந்து இறங்கிய பையன்கள் மாலையில் வருவார்கள். முதுகுப் பையின் பட்டை அழுத்தியதில் இரண்டு தோளிலும் சிவப்புத் தடம் இருக்கும். கால் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் இன்னொரு காலின் செருப்பை அழுத்திக் கழற்றுவார்கள். அதைப் பார்த்தாலே இடுப்பு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். தமிழ்ப் பையனாக இருந்தால் குரலைத் தாழ்த்திச் சொல்வான்: "அண்ணே, ரிஜிஸ்டர்ல எழுதாதீங்க. ரெண்டு மாத்திரை மட்டும் குடுங்க, காலைல சரியாயிடும்."

எழுதினால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். வலி தொடர்ந்தால் பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து மெடிக்கல் போர்டு, அதன் பிறகு 'லோ மெடிக்கல் கேட்டகரி', அதாவது உடல்தகுதி குறைந்தவன் என்ற முத்திரை. பதவி உயர்வுக்கான பயிற்சியும் நல்ல போஸ்டிங்கும் தள்ளிப்போகும். இன்னொரு பயமும் உண்டு. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், காய்ச்சல் தெர்மாமீட்டரில் தெரியும். முதுகுவலி எதிலும் தெரியாது. வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று கூட இருப்பவனே சொல்லிவிடுவான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வருடக்கணக்கில் வலியை விழுங்கிய ஆட்களை எனக்குத் தெரியும். நாம் எந்த ஆய்வு தொடங்கினாலும் இதை நினைவில் வைக்க வேண்டும்: படையில் பதிவாகியிருக்கும் வலி, உண்மையில் இருந்த வலியில் ஒரு பங்குதான்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முன்னாள் நாயக் இருக்கிறார். காலாட்படை. ஓய்வு பெற்றதும் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராக வேலை. நம் பக்கத்தில் முன்னாள் வீரர்கள் பாதிப் பேர் போகும் வழி அதுதானே: வங்கி, ஏ.டி.எம்., சிப்காட் கம்பெனி வாசல். நாள் முழுக்க நிற்க வேண்டும். அவருக்கு இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கி, வலது கால் நரம்பை அழுத்துகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துவிடும். சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர் வைத்திருப்பார். அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைகள், கேஸ் மாத்திரை எல்லாம் கலந்து கிடக்கும். தினமும் காலையில் டியூட்டிக்குப் போகும் முன் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. கையில் சீட்டு இல்லாமலே கடையில் கொடுப்பார்கள். இப்படிப் பல வருடம்.

சென்ற வருடம் காலில் வீக்கம் வந்து இரத்தம் பரிசோதித்தபோது, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி இந்த வகை வலி மாத்திரை ஒன்றுகூடத் தொடக்கூடாது என்று. சரியான வார்த்தை. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து கேட்டார்: "அண்ணே, மாத்திர போடக் கூடாதுன்னா இவரு என்னா பண்ணுவாரு? ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சே உக்காந்திருக்காரு. வேற ஏதாச்சும் இருக்கா, இல்லியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கமும் ஆராய்ச்சி நிறுவனங்களும்தான்.

விஷயம் புரிவதற்காக, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். வலியில் இரண்டு உண்டு. அடிபட்ட உடனே வரும் வலி உடம்பைக் காப்பாற்ற வருவது. குண்டுச் சிதறல் பட்டுத் துடிப்பவனுக்கு மார்ஃபின் ஊசி போடும்போது கூட நின்றவன் நான். அந்த மருந்து இல்லாவிட்டால் அவனைக் கீழே இறக்கிக் கொண்டுவந்திருக்கவே முடியாது. அதேபோல் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கும் மார்ஃபின் வேண்டும். நம் நாட்டில் அது கிடைக்காமல் துடித்துச் செத்தவர்கள் ஏராளம். அதற்காகத்தான் 2014இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தையே திருத்தி, இன்றியமையாத மருந்துகள் என்று தனியாக வகைப்படுத்தினார்கள். எனவே மார்ஃபின், டிராமடால், டேபென்டடால் போன்ற அபின் வகை மருந்துகள் எல்லாமே விஷம் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாதத்தைத் தாண்டியும் போகாத வலி வேறு வகை. புண் ஆறிவிடும், எலும்பு கூடிவிடும், ஆனாலும் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். திருடன் ஓடிப்போன பிறகும் விடிய விடியக் குரைக்கும் நாயைப் போல. இந்த வகை வலிக்கு அபின் வகை மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு பழகிவிடுகிறது, அளவு ஏறுகிறது, சிலருக்கு வலி உணர்ச்சியே கூடிவிடுகிறது. அது வேண்டாம் என்று டைக்ளோஃபெனாக் போன்றவற்றுக்குப் போனால் வேறு ஆபத்து. வீக்கத்தை உண்டாக்கும் ஒரு பொருளை அவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தையும் சீராக வைக்கிறது. இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, அதோடு இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கும். எங்கள் வயது ஆட்களில் பிரஷர் மாத்திரை சாப்பிடாதவர் யார்? சித்திரை வைகாசி வெயிலில் சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நிற்கும் காவலருக்கு இது இன்னும் மோசம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு கேன்டீனில் மாதா மாதம் மது ஒதுக்கீடு உண்டு. பக்கத்திலேயே புதுச்சேரியில் விலை மலிவு. இரவு வலி தாங்காமல், தூக்கம் வர வேண்டுமே என்று குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரார் கண்ணுக்கு அவர் குடிகாரர். வலிக்குக் குடிக்கிறார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். டிராமடால், டேபென்டடால் வகையோடு மது சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு.

இப்போது அமெரிக்காவைப் பார்ப்போம். அவர்களைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் மோசமாக அடிபட்டுக் கற்றுக்கொண்டவர்கள். ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அபின் வகை மாத்திரைகளை வாரி வழங்கினார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய ஒரு காலாட்படைப் பிரிகேடில் எடுத்த கணக்கு 2014இல் வெளியானது. 44 சதவீதம் பேருக்கு நாள்பட்ட வலி. 15 சதவீதம் பேர் அபின் வகை மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொதுமக்களிடையே அது 26 சதவீதமும் 4 சதவீதமும்தான். அதே 2014இல் ஜேசன் சிம்காஸ்கி என்ற முன்னாள் மரைன் படை வீரர், மருத்துவமனையில் தரப்பட்ட மருந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து நஞ்சாகி இறந்தார். வயது 35. குடும்பத்தார் விடவில்லை. 2016இல் வந்த போதை மீட்புச் சட்டத்தில் அவர் பெயரிலேயே ஒரு பகுதி சேர்க்கப்பட்டு, முன்னாள் வீரர்களுக்கு வலி மருந்து எழுதும் முறைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

அவர்கள் கட்டுப்பாட்டோடு நிற்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். மாற்று எது என்று கண்டுபிடிக்கப் பணம் போட்டார்கள். 2014இல் தேசிய சுகாதார நிறுவனமும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து, மருந்தில்லாத வலிச் சிகிச்சை பற்றிய 13 ஆய்வுகளுக்கு 5 ஆண்டுகளில் 2 கோடியே 17 லட்சம் டாலர் ஒதுக்கின. 2017இல் பாதுகாப்புத் துறையும் சேர்ந்துகொண்டது. மூன்று துறைகளும் கூட்டாக 12 ஆய்வுத் திட்டங்களுக்கு 6 ஆண்டுகளில் சுமார் 8 கோடியே 10 லட்சம் டாலர் அறிவித்தன. ஆய்வுக்கூடத்து எலிகளை வைத்து நடப்பவை அல்ல. வீரர்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனைகளிலேயே, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து நடத்திப் பார்ப்பவை. யேல் பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைப்பு மையம் வைத்து, எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே மாதிரி அளவுகோல் வைத்தார்கள்.

பணம் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சில உதாரணங்கள். மின்னியாபொலிஸ் நகரில் எரின் கிரெப்ஸ் என்ற மருத்துவர், நாள்பட்ட இடுப்புவலி அல்லது மூட்டுத் தேய்மானம் இருந்த 240 முன்னாள் வீரர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு அபின் வகை மருந்து, மறு பாதிக்கு மற்ற மருந்துகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அன்றாட வேலை செய்யும் திறனில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வலியின் அளவு இரண்டாம் தரப்புக்குத்தான் கொஞ்சம் குறைவாக இருந்தது. பக்கவிளைவு முதல் தரப்புக்கே அதிகம். 2018இல் வெளியான இந்த ஒரே ஆய்வு, கடுமையான மருந்துதான் கடுமையான வலியைப் போக்கும் என்ற நம்பிக்கையை ஆட்டிவிட்டது.

சான் டியாகோவில் இடுப்புவலி உள்ள 150 முன்னாள் வீரர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு 12 வாரம், வாரம் இருமுறை யோகா சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஆறு மாத முடிவில் யோகா செய்தவர்களின் முடக்கம் அதிகமாகக் குறைந்திருந்தது. 2017இல் வந்த முடிவு இது. அதே வருடம் இன்னொரு ஆய்வு: முதுகுவலி உள்ள 125 பேருக்கு வலியைச் சமாளிக்கும் மனப்பயிற்சி. ஒரு பாதிக்கு ஆலோசகர் நேரில், மறு பாதிக்குத் தொலைபேசியில் தானியங்கிக் குரல். எவ்வளவு நடந்தீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று குரல் கேட்கும், பதிலைப் பார்த்து ஆலோசகர் வழிகாட்டுவார். வலி குறைந்ததில் தொலைபேசி முறை நேரடி முறைக்குச் சற்றும் சளைக்கவில்லை. பண்ருட்டியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வரும் ஆளை நினைத்துப் பாருங்கள். இந்த ஆய்வின் அருமை புரியும்.

அவர்களிடமிருந்து கற்க வேண்டிய கசப்பான பாடமும் உண்டு. அபின் வகை மருந்துச் சீட்டுகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனால் மருந்து நிறுத்தப்பட்ட பிறகு என்ன நடந்தது? சுமார் 14 லட்சம் முன்னாள் வீரர்களின் பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு, மருந்தை நிறுத்திய பின் அளவு மீறிய மருந்தாலோ தற்கொலையாலோ இறக்கும் ஆபத்து கூடியிருந்ததைக் காட்டியது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பறிப்பது சுலபம். அந்த இடத்தில் ஒன்றை வைக்காமல் பறித்தால் ஆளே போய்விடுவான். நம் ஊரில் போதை மாத்திரை ஒழிப்பு என்று கிளம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஏன் அரசாங்கப் பணம்தான் வேண்டும் என்கிறேன்? புது மாத்திரை என்றால் கம்பெனி செலவு செய்யும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சுசெட்ரிஜின் என்ற அபின் அல்லாத புதிய வலி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நரம்பின் நுனியிலேயே வலிச் செய்தியைத் தடுப்பது. நல்ல முன்னேற்றம். ஆனால் அனுமதி உடனடி வலிக்கு மட்டும்தான், ஒரு மாத்திரையின் விலையோ 15 டாலருக்கு மேல். நடைப்பயிற்சி, முதுகுத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தூக்கத்தைச் சீராக்கும் ஆலோசனை, வர்மம் இவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. பெட்டியில் போட்டு விற்க முடியாது. விற்க முடியாததைச் சோதிக்க எந்தக் கம்பெனியும் காசு போடாது. அந்த இடத்தில் அரசு நிற்காவிட்டால் வேறு யாரும் நிற்க மாட்டார்கள்.

நம்மிடம் என்ன இல்லை? முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. நாடு முழுக்க 400க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள். குடும்பத்தாரோடு சேர்த்து அரைக் கோடிக்கும் மேற்பட்ட பயனாளிகள். யாருக்கு எந்த வலி மாத்திரை எத்தனை மாதம் போகிறது, அவர்களின் கிரியாட்டினின் எப்படி மாறுகிறது என்பதற்கான தடயம் மருந்துச் சீட்டுகளிலும் பரிசோதனை முடிவுகளிலும் கிடக்கிறது. பெயரை நீக்கிவிட்டு அதைத் தொகுத்துப் பார்ப்பதுதான் முதல் ஆய்வாக இருக்க வேண்டும். பெரிய செலவே ஆகாது. கம்ப்யூட்டரும் நேர்மையான நான்கு புள்ளியியல் ஆட்களும் போதும்.

ஆராயும் இடத்துக்கும் குறைவில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது, 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமத்தின் நிலையம் புதுச்சேரியிலேயே உண்டு. ராணுவத்துக்கு ஆயுதப்படை மருத்துவ ஆராய்ச்சிக் குழு இருக்கிறது, புனேயில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022இல் பாதுகாப்பு அமைச்சகமும் ஆயுஷ் அமைச்சகமும் பேசி முடித்து, 37 கன்டோன்மென்ட் மருத்துவமனைகளில் ஆயுர்வேத மையம் திறக்க ஏற்பாடு செய்தார்கள். மையம் திறந்ததை வரவேற்கிறேன். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்த முன்னாள் வீரருக்கு ஆறு மாதம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது என்ற கணக்கும் வர வேண்டும். யோகா தினத்தன்று பனிமலையில் வீரர்கள் ஆசனம் செய்யும் படங்களைப் பார்க்கும்போதும் எனக்கு இதே எண்ணம்தான் வரும். அவர்களில் எத்தனை பேருக்கு முதுகுவலி, எந்த ஆசனம் எத்தனை வாரத்தில் உதவியது என்று எழுதிவைத்தால் அது உலகத்துக்கே பயன்படும்.

சித்த மருத்துவம் என்றதும் ஒரு வார்த்தை. என் அம்மா நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார். முடக்கத்தான் தோசையும் வாதநாராயணன் இலையும் நம் வீடுகளில் இன்றும் உண்டு. எனக்கு அவற்றின் மேல் மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையால்தான் சொல்கிறேன், பழமையானது என்பதற்காக எதற்கும் சோதனையிலிருந்து விலக்கு வேண்டாம். வர்ம சிகிச்சை ஒரு தரப்புக்கு, பிசியோதெரபி மறு தரப்புக்கு, யார் எதில் சேர்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, முடிவை அளப்பவருக்கு யார் எந்தத் தரப்பு என்று தெரியாமல் நடத்தட்டும். ஜெயித்தால் தலை நிமிர்ந்து சொல்லலாம். தோற்றால் அந்தப் பணத்தை அடுத்ததற்குத் திருப்பலாம்.

அளவுகோல் பற்றியும் எழுதியாக வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை எவ்வளவு வலி என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "பரவாயில்ல சார், இருக்குது" என்பார்கள். இருபது வருடம் அப்படிச் சொல்லியே பழகியவர்கள். நான் வார்டில் அப்படிக் கேட்க மாட்டேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? டவுன் பஸ் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள்? பேரப்பிள்ளை ஓடிவந்தால் தூக்குகிறீர்களா, இல்லை கையை மட்டும் நீட்டுகிறீர்களா? இரவு எத்தனை முறை விழிப்பு? உண்மை இதில் வந்துவிடும். மேலே சொன்ன கிரெப்ஸும் 2009இல் மூன்றே கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். வலி எவ்வளவு, அது வாழ்க்கையை அனுபவிப்பதை எவ்வளவு கெடுக்கிறது, அன்றாட வேலையை எவ்வளவு தடுக்கிறது என்பவைதான் அந்தக் கேள்விகள். நம் வாழ்க்கைக்கு ஏற்ற கேள்விகளை நம் டாக்டர்கள் உருவாக்க வேண்டும். இது இல்லாமல் வெளிநாட்டுக் கேள்வித்தாளைக் கொண்டுவந்து நிரப்பினால் வரும் முடிவை நான் நம்ப மாட்டேன்.

புதுச்சேரிக்கு இன்னொரு தனிச்சிறப்பு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி அந்த நாட்டு ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் அங்கே இன்றும் வாழ்கின்றன. இந்தியப் படையில் இருந்தவர்களும் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களும் ஒரே ஊரில், ஒரே சாப்பாட்டில், ஒரே வெயிலில் முதுமை அடைகிறார்கள். இருவேறு மருத்துவ வசதிகளில் வலி எப்படிக் கையாளப்பட்டது என்று ஒப்பிட இதைவிட வாய்ப்பான ஊர் எது? எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். ஆட்கள் இ.சி.எச்.எஸ். திட்டத்துக்குள் வர மாட்டார்கள். அவர்கள் முதுகும் இதே முதுகுதான், அவர்களையும் ஆய்வில் சேர்க்க வேண்டும். வீரர்களின் மனைவிமாரையும் விடக்கூடாது. கணவன் எல்லையில் இருந்தபோது வீட்டையும் நிலத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவர்கள் பலர் இன்று முழங்கால் தேய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். பாதுகாப்பு, சுகாதாரம், ஆயுஷ் ஆகிய மூன்று அமைச்சகங்களும் ஆளுக்கொரு பங்கு போட்டு, முன்னாள் வீரர்கள் மற்றும் பணியில் இருக்கும் வீரர்களின் நாள்பட்ட வலிக்கென்று தனி ஆராய்ச்சி நிதி உருவாக்க வேண்டும். அபின் வகையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வகையும் இல்லாத சிகிச்சைகளுக்கு அதில் முதலிடம் தர வேண்டும். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கென்று 2023இல் சட்டமே வந்திருக்கிறது, அதன் வழியாகவும் பங்கு கேட்கலாம். ஆய்வில் வலியைச் சொல்லும் பணியிலுள்ள வீரரின் பதில் அவருடைய மெடிக்கல் கேட்டகரிக்குப் போய்ச் சேராது என்று எழுத்தில் உறுதி வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் "ரிஜிஸ்டர்ல எழுதாதீங்க" என்ற கதைதான். ஆய்வு டெல்லியோடும் புனேயோடும் நின்றுவிடாமல் ஒரு மையமாவது நம் பக்கம் அமைய வேண்டும்.

கடலூர், புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவருக்கும் இந்தக் கடிதம் வழியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தொடரில் பாதுகாப்பு அமைச்சரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் இ.சி.எச்.எஸ். வழியாக வழங்கப்பட்ட வலி நிவாரணிகள் வகைவாரியாக எவ்வளவு? படைவீரர்களின் நாள்பட்ட வலி பற்றிய ஆராய்ச்சிக்கு அதே ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேற்கொண்டு யாரும் வாதாட வேண்டியிருக்காது.

மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் பட்டா, ஓய்வூதிய நிலுவை, பிள்ளைகளின் படிப்பு உதவி என்று மனுக்கள் வரும். அடுத்த கூட்டத்தில் நான் இந்த மனுவைக் கொடுக்கப் போகிறேன். வலியோடு இருக்கும் தோழர்கள் வந்து கையெழுத்துப் போட்டால் பலம். படிக்கட்டு ஏற முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஜிப்மரோ வேறு எந்த மருத்துவக் கல்லூரியோ நம் மாவட்டத்தில் இப்படி ஓர் ஆய்வு தொடங்கினால், வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்ப நானும் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற சிலரும் சம்பளம் இல்லாமல் வரத் தயார். பதிவேடு எழுதுவது எங்களுக்குப் பழகிய வேலை.

இதில் மற்றவர்களின் நோய் விவரங்கள் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், ராணுவ மருத்துவப் படை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.